1985-இல் மூடிய பட்டியல்

ஊருக்கு வெளியே ஓர் ஊர் – 6

சென்னையின் தெற்கு விளிம்பில், குடிசைப் பகுதி மக்களை அரசு கொண்டுவந்து குடியமர்த்திய பெரும்பாக்கத்தில் யாரிடம் பேசினாலும், லாரியில் சாமான் ஏற்றிய நாளிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். கதை அதற்கு வெகுமுன்பே ஒரு சட்டத்தில் தொடங்கிவிட்டது.

1970-இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. மறு ஆண்டே குடிசைப் பகுதிகளுக்கான சட்டமும் வந்தது. ஓரிடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், அங்கே அடிப்படை வசதிகள் செய்து தரலாம். குடியிருப்போரை வெளியேற்ற உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகள் அப்படி அறிவிக்கப்பட்டன. நொச்சிக்குப்பத்தில் கடற்கரையிலேயே வாரியத்தின் மாடி வீடுகள் எழுந்தன. மீனவர்கள் கடலை விட்டு நகர வேண்டியிருக்கவில்லை.

1985-இல் மேலும் 17 பகுதிகள் சேர்ந்தன. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றுகூடச் சேரவில்லை.

மக்கள் வருவது நிற்கவில்லையே! கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் குடியேறியவர்களுக்கு ரேஷன் அட்டை வந்தது, வாக்காளர் அட்டை வந்தது. அறிவிப்பு மட்டும் வரவில்லை. வருவாய்த் துறைக் கணக்கில் அவர்கள் இருந்த இடம் ஆட்சேபகரமான புறம்போக்கு, அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். ஆகவே மாற்று வீடு என்பது அரசு பார்த்துக் கொடுப்பது. எங்கே, எப்போது என்று கேட்க அவர்களுக்குச் சட்டத்தில் பிடி இல்லை.

அப்படி அரசு மாற்று வீடு கொடுத்த இடங்கள்: 2000 வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, மொத்தமாக அரசு நிலம் கிடைத்த தெற்கு விளிம்புக்கு வீடுகள் போயின. 2005-இல் தொடங்கிய மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டப் பணம், ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கட்ட வழிசெய்தது. ஆற்று வெள்ளத்துக்குத் தப்பிக்கத்தான் இந்த மாற்றம் என்றார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய செம்மஞ்சேரியிலோ பெருமழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது.

2019 டிசம்பரில் தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகரை இடித்து, மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கியபோது, ஆண்டுத் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. நடந்துபோய் வீட்டு வேலை செய்த பெண்களுக்கு, பழைய வேலை இப்போது இருபது கிலோமீட்டருக்கு அப்பால். ஒரே குடிசையில் இருந்த மகனும் மருமகளும் கணக்கெடுப்பில் தனிக் குடும்பமாக ஏறாவிட்டால், அவர்களுக்குத் தனி வீடு இல்லை.

ஆற்றங்கரை ஆபத்தானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆபத்தான இடத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி வைப்பதும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவதும் ஒன்றல்ல. 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மறுகுடியமர்வுக் கொள்கைக்கு வரைவும் வந்தது. பெயரை மாற்றியவர்கள் அந்தப் பழைய பட்டியலைத் திறந்திருந்தால், பேச்சுவார்த்தை லாரி வருவதற்கு முன்பே நடந்திருக்கும்.

பெரும்பாக்கத்துக்கு வந்தவர்கள் கையில் ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறது. விற்பனைப் பத்திரம் ஏன் இல்லை? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)