மாரிமழையில் மலரும் கிழங்குச் செடிகள்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் தம் வளவிலும் வேலியோரத்திலும் சில பூஞ்செடிகளை வளர்க்க விரும்புவது இயல்பே. ஆயினும் மன்னார்த் தீவிலும் அதன் கரையோரத்திலும் நீண்ட கோடையும், உவரேறும் கிணற்று நீரும், சோளகக் காற்றும் மென்மையான செடிகளை வாழவிடுவதில்லை. இக்குறைகளைத் தாங்கவல்லவை நிலத்தடியில் கிழங்கு வைத்து உறங்கும் செடிகளேயாம்.

குளிர் நாடுகளில் தூலிப் போன்ற கிழங்குச் செடிகள் பனிக்காலம் முழுவதும் மண்ணுள் உறங்கி, வசந்தத்தில் மலர்கின்றன. அவை பூப்பதற்குக் கடுங்குளிர் தேவையாதலின், அவற்றை விலை கொடுத்து வாங்கி இங்கு நடுதல் வீண் செலவாகும். நமது நாட்டுக் கிழங்குகள் உறங்குவது கோடையில். விழிப்பது ஐப்பசி மழையில். நமக்கு மாரியே வசந்தம். இத்தகைய செடிகளுள் தலையாயது கார்த்திகைப் பூ எனப்படும் செங்காந்தளாகும்.

செடியின் இயல்பு

செங்காந்தள் ஒரு கொடி. இதன் இலை நுனிகளே சுருண்டு பற்றுக் கம்பிகளாகி, அருகிலுள்ள கொம்பைப் பிடித்து ஏறும். பூ மலரும்போது பச்சை கலந்த மஞ்சளாயிருந்து, நாட்செல்லச் செம்மஞ்சளாகிப் பின் முழுச் சிவப்பாகும். ஆறு இதழ்களும் நெளிந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். மழைக்காலம் முடிந்ததும் கொடி மஞ்சளித்துக் காயும். அவ்வாண்டின் பழைய கிழங்கு சுருங்கி அழிய, புதிய கிழங்கு மண்ணுள் தங்கும். அது உறங்குங் காலத்தில் நீர் வேண்டுவதில்லை. கோடையில் நல்ல நீருக்குத் தட்டுப்பாடுள்ள தீவுப் பகுதிக்கு இஃது ஒரு பெரும் நன்மையாகும்.

மண்ணும் பசளையும்

பேசாலை, தலைமன்னார்ப் பக்கங்களிலுள்ள மணல் நிலத்தில் நீர் தேங்காது. ஆதலின் கிழங்கு அழுகும் அச்சம் அங்குக் குறைவு. ஆனால் அம்மண்ணில் சத்து மிகக் குறைவாதலால், ஒவ்வொரு குழிக்கும் நன்கு மக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ மணலுடன் கலந்திடல் வேண்டும். முருங்கன் பக்கத்துக் கருங்களி மண்ணோ மழையில் குழைந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஓரடி உயரமான மேட்டுப் பாத்தி அமைத்து, மணலும் எருவும் கலந்து நடுதல் வேண்டும். வயல் மட்டத்தில் நட்டால் கிழங்கு அழுகிவிடும்.

நடும் முறை

கிழங்கு கவர் பட்டதாய், இரு கைகள் விரிந்தாற்போல் இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை மட்டுமே உண்டு. அம்முளை ஒடிந்துவிட்டால் அக்கை முளைக்காது. எனவே கிழங்கை இழுத்துப் பிடுங்காமல், சுற்றிலும் மண்ணை அகற்றி மெல்ல எடுத்தல் வேண்டும். காட்டிலும் பற்றைகளிலும் தானாக வளர்வனவற்றைத் தோண்டி அழித்தல் தகாது. அயலவர் தோட்டத்தில் பெருகிய கிழங்குகளைப் பெறுதலே நன்று. விதையினாலும் வளர்க்கலாம். ஆனால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் செல்லும்.

புரட்டாசிக் கடைசியில், பெருமழைக்கு முன், ஒன்றரை அடி இடைவெளியில், இரண்டு அல்லது மூன்று அங்குல ஆழத்தில் கிழங்கைக் கிடையாக வைத்து மூடுக. கிளுவை வேலி இக்கொடிக்குச் சிறந்த பற்றுக்கோடாகும். கொடி எளிதில் முறியுமாதலின், வாடைக் காற்று நேரே தாக்காத பக்கத்தில் நடுக. மாசி, பங்குனியில் கொடி முற்றாகக் காய்ந்தபின், கிழங்கை மண்ணிலேயே விடலாம். அல்லது எடுத்து, உலர்ந்த மணலில் நிழலில் வைக்கலாம்.

பீடை

வெள்ளை, சிவப்புப் புள்ளிகளையுடைய கறுத்த புழுக்கள் சிலவேளைகளில் இலைகளைத் தின்று கொடியை மொட்டையாக்கும். வீட்டுத் தோட்டத்திற் சில செடிகளே இருப்பதால், காலையில் புழுக்களைப் பொறுக்கி அழித்தல் போதும். மருந்து தெளிக்க வேண்டியதில்லை.

முக்கிய எச்சரிக்கை

செங்காந்தளின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு உயிரைப் போக்கவல்லது. வற்றாளை, வள்ளி முதலிய உணவுக் கிழங்குகளென எண்ணி இதனைத் தவறாக உண்டோர் உண்டு. இதனை உண்டு பிழைத்த ஓர் இலங்கைப் பெண்ணின் உரோமம் முழுவதும் உதிர்ந்தமை 1966ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் பதிவாகியுள்ளது.

ஆகவே பின்வருவனவற்றைத் தவறாது கைக்கொள்க:

1. உணவுக் கிழங்குப் பாத்திக்கு அருகில் இதனை நடாதீர்கள். வேலியின் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள்.

2. எடுத்த கிழங்கைச் சமையலறையிலோ உணவுப் பொருள்களுடனோ வைக்காதீர்கள். தனிப் பெட்டியில் இட்டு, ‘நஞ்சு’ என எழுதிப் பூட்டி வையுங்கள்.

3. கிழங்கைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளும் ஆடுமாடுகளும் அணுகாமற் காத்துக்கொள்ளுங்கள்.

4. எவரேனும் உண்டுவிட்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கச் சில மணி நேரம் செல்லலாம். அதுவரை காத்திராமலும், கைம்மருந்து கொடுத்துக் காலங் கடத்தாமலும், செடியின் ஒரு துண்டுடன் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இந்நஞ்சை முறிக்க வழக்கிலுள்ள மாற்றுமருந்து இல்லாமையால் தாமதமே பேராபத்து.

மழை லில்லி

முதல் மழை பெய்த சில நாட்களில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும் சிறு செடி மழை லில்லி. இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இதன் குமிழைக் கழுத்துப் பகுதி மண்மட்டத்தில் நிற்குமாறு, நான்கங்குல இடைவெளியில் பாதையோரத்தில் நடுக. இக்குமிழ் சின்ன வெங்காயத்தை ஒத்திருப்பினும் உண்ணத்தக்கதன்று. வெங்காயப் பாத்தியின் அருகே இதனையும் நடலாகாது.

விற்பனை பற்றி

தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளிற் செங்காந்தளை மருந்துக்கான விதைக்காகப் பெருமளவிற் பயிரிடுகின்றனர். அங்கு ஒவ்வொரு பூவுக்கும் காலையில் கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய ஆட்கூலி மிகுதியாகும். விதை வாங்குவோர் உறுதியாக இல்லாமல் நெற்காணியையோ மரக்கறிக் காணியையோ இதற்கு மாற்றுதல் அறிவுடைமையன்று. வேலியோரத்தில் பத்துக் கிழங்கு போதும். மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.