பெரிய கோயில் கல்வெட்டும் மெழுகுத்தாள் ஒளிப்படமும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை, சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப் 1858ஆம் ஆண்டில் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள தொடர்படமாக உருவாக்கினார்.

அவர் கையாண்ட மெழுகுத்தாள் முறை என்பது, மெழுகு ஊட்டிய தாளில் வெள்ளி உப்புகளை ஏற்றி, கேமராவில் நிமிடக்கணக்கில் ஒளிபடச் செய்து, பின்னர் இருட்டறையில் நெகட்டிவாக, அதாவது ஒளியும் நிழலும் இடம் மாறிய மூலப்படிவமாக, வெளிக்கொணர்வதாகும். வெறுமையாகத் தெரிந்த வானத்தில் மேகங்கள் தோன்றுவதற்காக, அவர் நெகட்டிவின் மீதே தூரிகையால் நிறமிட்டதும் உண்டு.

ஒவ்வொரு படமும் இத்தனை கையுழைப்பைக் கோரியதால், எதை, எங்கிருந்து, எந்த ஒளியில் எடுப்பது என்பதை முன்கூட்டியே ஆழ்ந்து தீர்மானிக்க வேண்டியிருந்தது. அரசு ஆவணங்களாக எடுக்கப்பட்ட அப்படங்கள் இன்று கலைப்படைப்புகளாகப் போற்றப்படுவதற்கு அந்த நிதானமே அடிப்படையாகும்.