பேரோடு சேர்ந்தால் பாயி

மும்பையில் நாயர் ஆஸ்பத்திரியைத் தெரியாத தமிழர் இருக்க மாட்டார்கள். அதன் முழுப்பெயர் பாயி யமுனாபாயி லக்ஷ்மண் நாயர் மருத்துவமனை. டாக்டர் ஏ.எல். நாயர் தன் தாயார் நினைவாகத் தொடங்கியது. ஒரே அம்மாளின் பெயருக்கு முன்னால் ஒரு பாயி, பின்னால் ஒரு பாயி. பரேலில் குழந்தைகளுக்கென்றே இருக்கும் வாடியா ஆஸ்பத்திரியும் அப்படித்தான்: பாயி ஜெர்பாயி வாடியா.

'பாய்' என்று எழுதினால் படுக்கிற பாயும் முஸ்லிம் பெரியவரும் குறுக்கே வருவார்கள் என்பதால், தாராவித் தமிழர் வாயில் வருகிறபடி 'பாயி' என்றே எழுதுகிறேன்.

மராத்தியில் பாயி என்றால் பெண். பெயரோடு சேர்ந்தால் மதிப்புக்குரிய பெண். சிவாஜியின் தாய் ஜீஜாபாயி, இந்தூரை ஆண்ட அகல்யாபாயி, 1848-ல் புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சாவித்ரிபாயி புலே. தஞ்சாவூருக்கும் இது பழகிய சொல்தான். 1855-ல் தஞ்சை மன்னர் சிவாஜி (ஜீஜாபாயியின் மகன் அல்ல) ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் அரண்மனைச் சொத்தைக் கும்பினி எடுத்துக்கொண்டது. விடாமல் வழக்காடியவர் ராணி காமாட்சி பாயி. சென்னையில் ஜெயித்தார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது.

மராத்திப் பள்ளிகளில் ஆசிரியையைப் பிள்ளைகள் 'பாயி' என்றுதான் அழைப்பார்கள். நான் படித்தது தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. எங்களுக்கு 'டீச்சர்'. பக்கத்து மராத்தி வகுப்பிலிருந்து 'பாயி, பாயி' என்று சத்தம் கேட்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தச் சொல்லை அதற்குமுன் நான் கேட்டிருந்தது மாட்டுங்காவில், அம்மா பாத்திரம் தேய்க்கப் போன வீடுகளில்.

லீவு நாளில் நானும் கூடப் போவேன். மூன்றாவது மாடியில் கதவைத் திறப்பவர் அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டார். உள்ளே திரும்பி, "பாயி வந்தாச்சு, பாத்திரத்தை எடுத்துப் போடு" என்பார். அது தமிழ்க் குடும்பம். அம்மாவும் தமிழ். ஆனாலும் அக்கா இல்லை, அம்மா இல்லை, பாயி. சாயங்காலம் எங்கள் சால் குடியிருப்பில் குழாயடியில் நிற்கும்போது பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டி அம்மாவின் பேரைச் சொல்லி, அதோடு பாயி சேர்த்து, "வா, முதல்ல நீ பிடிச்சுக்கோ" என்று குடத்தை நகர்த்தி இடம் கொடுப்பார். "ஊர்ல என்னைய ஏட்டின்னுதாம் கூப்பிடுவாவ. பேரோட மரியாதை சேத்துக் கூப்பிட்டது இந்தக் கெழவிதாம்" என்று அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார்.

பேர் உதிர்ந்து பாயி மட்டும் மிஞ்சினால் அது வேலைக்காரி என்று ஆகிவிடுகிறது. இசை உலகத்தில் பேர் இருந்தும் வஞ்சனை நடந்தது. வடநாட்டில் 'பாயி' என்றால் 'கோட்டா' எனப்படும் ஆடல்பாடல் வீடுகளில் பாடுகிறவள் என்றொரு அர்த்தம் ஒட்டிக்கொண்டது. அக்தரி பாயி 1945-ல் கல்யாணமானபின் பேகம் அக்தர் ஆனார். ஆண் பாடகர் இந்துவானால் பண்டிட், முஸ்லிமானால் உஸ்தாத், நாங்கள் மட்டும் கடைசிவரை பாயிதானா என்று பாடகி கங்குபாயி ஹங்கல் மனம் நொந்து கேட்டார். நியாயமான கேள்வி.

இப்போது நான் இருப்பது செம்பூரில். எங்கள் கட்டட வாட்ஸ்அப் குழுவில் காலையில் வருகிற செய்தி: "இன்னிக்கு எங்க பாயி வரல, யார்கிட்டயாவது பாயி இருக்கா?" மாற்றுக் குடை கேட்பது போலக் கேட்கிறார்கள். மகாராஷ்டிர அரசு 2008-ல் வீட்டு வேலை செய்பவர்களுக்காக நல வாரியச் சட்டம் கொண்டுவந்தபோது அதன் மராத்திப் பெயரில் பாயி என்று போடவில்லை, 'கரேலு காம்கார்', வீட்டுத் தொழிலாளர் என்றுதான் போட்டது. சட்டத்துக்குத் தெரிந்தது நமக்கும் தெரிய வேண்டும்.

சில வீடுகளில் இப்போது 'தாயி', 'மௌசி' என்கிறார்கள். அக்கா, சித்தி என்று பொருள். நல்லதுதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு வருகிறவரின் போன் நம்பரை எந்தப் பெயரில் பதிந்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். 'பாயி' என்று மட்டும் இருந்தால், நாளை அவர் வரும்போது பேரைக் கேட்டு, முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.