மரியாவுக்கான கல்லூரி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வடகோடியில் இருக்கும் ஊர் அமரில்லோ. அங்குள்ள அமரில்லோ கல்லூரியில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் மரியாவைத் தெரியும். வயது 27, கைக்குழந்தைக்காரி. இரண்டு இடத்தில் பகுதிநேர வேலை, மிச்ச நேரத்தில் படிப்பு. அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆனால் வருகைப் பதிவேட்டில் இந்த மரியாவைத் தேடினால் கிடைக்க மாட்டார். நம்மிடம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் யார் என்று கணக்கெடுத்து, அந்தக் கல்லூரியே வரைந்துகொண்ட முகம் அது. எதை முடிவு செய்தாலும், இது மரியாவுக்கு உதவுமா என்று பார்க்கிறார்கள்.

அமரில்லோ ஒரு சமுதாயக் கல்லூரி. இந்த ஏற்பாட்டின் வேர் 1901இல் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே 6 மாணவர்களோடு தொடங்கினார்கள். பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை ஊரை விட்டுப் போகாமல், குறைந்த செலவில் படித்துவிட்டுப் பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்பது யோசனை. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் இப்படிப்பட்ட கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்றது. இன்று அங்கே சுமார் ஆயிரம் இருக்கின்றன. பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே கட்-ஆஃப் பேச்சில் மூழ்கும் நமக்கு, அந்தக் கல்லூரிகளின் சேர்க்கை முறை வியப்பாக இருக்கும். கட்-ஆஃப் கிடையாது. வயது வரம்பு கிடையாது. படிக்க வேண்டும் என்று வந்தவருக்கு இடம் உண்டு.

இந்தத் திறந்த கதவை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். ஆனால் கதவுக்குப் பின்னால் பல காலம் ஒரு படிக்கட்டு இருந்தது. சேர்ந்ததும் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேர்வு வைப்பார்கள். மதிப்பெண் குறைந்தால், பள்ளிப் பாடத்தையே திரும்ப நடத்தும் வகுப்புகள், சிலருக்கு இரண்டு மூன்று படிகள். ஒவ்வொரு படியிலும் நாலில் மூன்று பேர் தேறுவதாகவே வைத்துக்கொள்வோம். 100 பேர் 75 ஆகி, 56 ஆகி, மூன்றாவது படியில் 42 ஆகிவிடுவார்கள். கல்லூரிப் பாடம் தொடங்கும் முன்பே பாதிக்கு மேல் போய்விட்டார்கள்! கலிபோர்னியா 2017இல் சட்டம் கொண்டுவந்துதான் இதற்குக் கடிவாளம் போட்டது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து, முடிந்தவரை நேரடியாகக் கல்லூரிப் பாடத்திலேயே உட்கார வை என்றது அந்தச் சட்டம்.

அமரில்லோவில் வேறு முனையிலிருந்து யோசித்தார்கள். பாதியில் நிற்பவர்களை ஏன் நின்றீர்கள் என்று கேட்டபோது, முன்னால் வந்து விழுந்த காரணங்கள் எவையும் பாடம் சார்ந்தவை அல்ல. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வண்டி ரிப்பேர், வீட்டு வாடகை, சாப்பாடு. கல்லூரி தன் வேலையை மாற்றிக்கொண்டது. மளிகைப் பொருள் கொடுக்க ஓர் இடம், அவசரச் செலவுக்குப் பணம், உதவித்தொகைக்கு வழிகாட்ட ஆட்கள் என்று ஏற்பாடு செய்தது. 16 வார வகுப்புகளில் பெரும்பாலானவற்றை 8 வாரமாக்கியது. நாலு மாதம் குடும்பத்தில் ஒரு சங்கடமும் வராமல் இருக்குமா? இரண்டு மாதம் என்றால் தாக்குப்பிடிக்கலாம். 2023இல் அமெரிக்க சமுதாயக் கல்லூரிகளுக்கான ஆஸ்பென் பரிசைப் பகிர்ந்துகொண்ட கல்லூரிகளில் அமரில்லோவும் ஒன்று.

வயிற்றுக்கும் படிப்புக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காமராஜர் காலத்து மதிய உணவை அறிந்தவர்கள் நாம். சமுதாயக் கல்லூரியும் நமக்குப் புதிதல்ல. 1995இல் புதுச்சேரியிலும், அடுத்த ஆண்டு சென்னையிலும் வந்துவிட்டது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு முதலில் வாழ்க்கைத் திறன், பிறகு தொழில், பிறகு நேரடிப் பயிற்சி என்பது அதன் வரிசை. தன்னம்பிக்கையை முதலில் வைத்த அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தும் சொந்தக்காரர்கள் நடுவில், “அங்கேயா படிக்கிறே?” என்ற இளக்காரம் இன்னும் போகவில்லை.

அப்படி ஒரு கல்லூரியில் நானும் ஓர் ஆண்டு மாலை வகுப்பு எடுத்தேன். ஆறு மணிக்கு ஆரம்பம். பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண் தினமும் ஆறே காலுக்கு வந்து கதவருகே நிற்பார். இரண்டு வாரம் கடிந்துகொண்டேன். மூன்றாவது வாரம்தான் ஏன் என்று கேட்டேன். “ஷிப்ட் அஞ்சரைக்குத்தான் விடுது சார். அதுக்கப்புறம் ரெண்டு பஸ்ஸு மாறி வரணும்” என்றார். வகுப்பை ஆறரைக்கு மாற்றினேன். மறுநாள் நான் போனபோது அவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.