பெண்மகவுக்கு ஒரு பெயர்

பிழைப்பைத் தேடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் தம்முடன் கொண்டுவரக் கூடியவை மிகச் சிலவே. வீடும் நிலமும் ஊரிலேயே நின்றுவிடுகின்றன. கோயிலும் குளமும் அங்கேயே தங்கிவிடுகின்றன. மொழியும் வழக்கமும் பெயரும் மட்டுமே நம்மோடு வண்டியேறி வருகின்றன. இவற்றுள்ளும் மொழி அடுத்த தலைமுறையின் நாவிலே தளர்கின்றது; வழக்கம் அண்டை அயலாரைக் கண்டு மாறுகின்றது. பெயரோ வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் பலமுறை ஒலிப்பது. ஆதலின், சான்பாடாவிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் பெண்மகவு பிறக்குமாயின், அதற்கு என்ன பெயர் இடுவது என்னும் வினா சிறிய வினா அன்று.

பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடுதல் நம் பழைய மரபு. 'பேத்தி' என்று நாம் வழங்கும் சொல்லே 'பெயர்த்தி' என்பதன் திரிபு. பாட்டியின் பெயரைத் தாங்குபவள் என்பது அதன் பொருள். உறவின் பெயரிலேயே பெயரிடும் முறையையும் பொதிந்து வைத்த மொழி நம்முடையது. ஆனால் இன்று பாட்டியின் பெயர் பழமையானது என்று ஒதுக்கப்படுகின்றது. அதற்கு மாற்றாக, பொருள் இன்னதென்று பெற்றோரே கூறவியலாத இரண்டெழுத்துப் பெயர்கள் வீடுதோறும் நுழைகின்றன. புதுமையை நாடும் ஆவலை நாம் குறை கூறோம். அரிய பெயரே வேண்டுமென்போர்க்கு, நம் வீட்டுப் பெட்டகத்திலேயே அரியவை பல உள்ளன என்பதைக் காட்டுவதே நம் நோக்கம்.

பெயரிடுதல் எத்துணைப் பொருளுடைய செயல் என்பதற்குச் சிலப்பதிகாரத்திலேயே சான்று உண்டு. மாதவி பெற்ற மகளுக்குப் பெயர் சூட்டும் நாளில், கோவலன் தன் குலத்தின் பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்கின்றான். கப்பல் உடைந்து நடுக்கடலில் தத்தளித்த தன் முன்னோன் ஒருவனைக் காத்தது மணிமேகலை என்னும் கடல் தெய்வம். அத்தெய்வத்தின் பெயரையே மகளுக்கு இடுகின்றான். குடும்பம் பட்ட துன்பமும் அதனின்று மீண்ட நன்றியும் ஒரு குழந்தையின் பெயராயின. கடலும் மலையும் கடந்து வந்த நம்மனோர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

மணிமேகலைக் காப்பியத்திலேயே 'ஆதிரை' என்னும் பெயரும் உள்ளது. அமுதசுரபியில் முதற்பிச்சை இட்ட கற்பரசி அவள். திருவாதிரை விண்மீனைக் குறிக்கும் அப்பெயர் சிறியது, இனியது. மராட்டியர் நாவிலும் இடறாது.

சங்கப் புலவருள் பெண்பாற் புலவர் பலர். இவர்கள் பெயர்களை நம் பெண்களுக்கு இடுவோர் மிகச் சிலரே. நச்செள்ளை என்பது ஒன்று. முதலில் நிற்கும் 'ந' என்பது நன்மையைக் குறிக்கும் முன்னொட்டு. நக்கீரர், நப்பின்னை என்பவற்றிலும் அதுவே உள்ளது. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஆடுகோட்பாட்டுச் சேரலாதனிடம் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பரிசிலாகப் பெற்றார் என்று அந்நூலின் பதிகம் உரைக்கின்றது. இளவெயினி என்பது மற்றொன்று. எயினர் குடிப்பெண் எயினி. இளமை சேர இளவெயினி. ஆதிமந்தி, மாசாத்தி என்பனவும் புலமைச் செல்வியர் பெயர்களே.

எனினும் இவ்வரிசையில் வருந்தத்தக்கதும் ஒன்றுண்டு. கரிகாலன் வென்ற வெண்ணிப் போரைப் பாடிய பெண்ணை 'வெண்ணிக் குயத்தியார்' என்றே அறிகின்றோம். வெண்ணி அவர் ஊர். குயத்தி என்பது மட்கலம் வனையும் குலத்துப் பெண் என்னும் பொருளது. தாராவியின் கும்பார்வாடாத் தெருக்களில் சக்கரம் சுழல்வதைக் கண்டவர்க்கு அவர் தொழில் விளங்கும். அவர் பெயரோ ஒருவர்க்கும் விளங்காது. வள்ளல் பாரியின் மக்கள் இருவரும் புறநானூற்றில் 'பாரி மகளிர்' என்றே குறிக்கப்படுகின்றனர். அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்காலக் கதைகளில் வருவன. தந்தையின் பெயர் நின்றது. மகளிர் பெயர் மறைந்தது.

இதற்கு மாறாகத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று நம்மை மகிழ்விக்கின்றது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசராச சோழன் அக்கோயிற்பணிக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தினான். ஒவ்வொருவர் பெயரும், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தச் சிறகில் எத்தனையாம் வீட்டில் இருந்தார் என்பதும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவர்க்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் பங்கு. சேரமங்கை, சோழகுலசுந்தரி என்றெல்லாம் அங்கே பெயர்கள் உள்ளன. 'எடுத்தபாதம்' என்றே ஒருத்திக்குப் பெயர். ஆடவல்லானின் தூக்கிய திருவடியை மகளின் பெயராக்கிய பெற்றோர் யாரோ!

திருக்கோயில் அம்மையரின் பெயர்களில் நல்ல தமிழ் நிறைந்துள்ளது. மதுரை மீனாட்சி அங்கயற்கண்ணி. அழகிய கயல்மீன் போன்ற கண்ணுடையாள் என்பது பொருள். திருக்குற்றாலத்தில் குழல்வாய்மொழி, குழலின் இசை போன்ற சொல்லுடையாள். திருச்சிராப்பள்ளியில் மட்டுவார்குழலி, மட்டு என்பது தேன், தேன் துளிக்கும் மலர்க்கூந்தலாள். திருவையாற்றில் அறம்வளர்த்தநாயகி. வேதாரணியத்தில் யாழைப்பழித்தமொழியாள். தாராவியில் நெல்லைச் சீமைக் குடும்பங்கள் மிகுதி. அவர்கள் ஊர் ஆறாகிய தாமிரபரணிக்குப் 'பொருநை' என்னும் பழம்பெயர் உண்டு. காவிரிக்குப் 'பொன்னி' என்றும், வைகைக்கு 'வையை' என்றும் பெயர்கள் உள. ஆற்றை விட்டு வந்தவர் அதன் பெயரையேனும் மகளிடம் விட்டுச் செல்லலாமே!

மலர்ப்பெயர்களுள் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை மலர்வது. 2018ஆம் ஆண்டில் மூணாற்று மலைகளில் மலர்ந்தது. நறுமுகை என்பது மணமுள்ள அரும்பு, ஆம்பல் நீர்ப்பூ. கதைகளும் பெயர்களை வளர்ப்பதுண்டு. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபின், வானதியும் பூங்குழலியும் வீட்டுப் பெயர்களாயின. ஆயினும் பெயரின் வரலாற்றையும் சற்று ஆராய்தல் நன்று. இன்று பெண்களுக்கு இடப்படும் 'எழினி' சங்க காலத்தில் ஆண்பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினி. சிலப்பதிகாரத்தில் அது நாடக அரங்கின் திரைச்சீலையைக் குறிக்கும். அறிந்தே இடுவோர் இடுக. அறியாமல் இடுதல் வேண்டா.

மும்பையில் வாழ்வோர்க்கு ஒரு தனிக் கவலையும் உண்டு. பெயரைப் பள்ளியில் மராட்டியரும் குசராத்தியரும் அழைத்தல் வேண்டும். 'ள' ஒலி மராட்டியில் உண்டு. ஆகவே அவ்வெழுத்து இடர் தாராது. 'ழ' அவர்களிடம் இல்லை. யாழினியை ஆங்கில எழுத்தில் கண்டு 'யாஜினி' என்று அழைப்பது எளிதில் நேரும். எகர ஒகரக் குறில்கள் தேவநாகரி வழக்கில் வேறாக எழுதப்படாமையால் வெண்பா 'வேண்பா' ஆவாள். நிலா 'நீலா' ஆவாள், அதனால் கேடில்லை. மயில் என்பது இந்தியில் அழுக்கைக் குறிக்கும் 'மைல்' போன்று ஒலித்தல் கூடும். இதற்காக ழகரத்தைக் கைவிடுக என்று நாம் சொல்லோம். தன் பெயரைத் தானே திருத்தமாகச் சொல்லி, பிறர்க்கும் கற்பிக்க மகளைப் பழக்குதலே பெற்றோர் கடன். அதற்கு முதலில் பெற்றோர் நாவில் ழகரம் வாழ்தல் வேண்டும்.

இனி, சொல்லவும் கூசும் சில பெயர்களையும் சொல்லியே ஆகவேண்டும். பெண்களே தொடர்ந்து பிறந்தால், அடுத்ததேனும் ஆணாகட்டும் என்று 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிடும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் இருந்துவந்துள்ளது. மராட்டிய நாட்டிலும் இதற்கு உடன்பிறப்பு உண்டு. 'நகுசா' என்றால் வேண்டாதவள் என்று பொருள். 2011ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சாத்தாராவில் ஒரு விழா நடைபெற்றது. அப்பெயரைச் சுமந்த 285 சிறுமியர் அன்று புதுப்பெயர் பெற்று, அதற்குரிய சான்றிதழும் பெற்றனர். பள்ளியில் வருகைப்பதிவின்போது நாள்தோறும் 'வேண்டாதவள்' என்று அழைக்கப்பட்டு, 'இருக்கிறேன்' என்று விடை சொல்லிய அக்குழந்தைகளின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! பெயர் என்பது ஒரு குழந்தைக்கு உலகம் சொல்லும் முதல் வார்த்தை. அது வசையாக இருத்தல் அறமாகாது. நம் உற்றார் உறவினருள் இத்தகைய பெயருடைய பெண் எவரேனும் இருப்பின், அவள் விரும்பும் பெயரைப் பெற உதவுதல் நம் கடமை.

பெயரைத் தேர்ந்தபின் பதிவிலும் கருத்து வேண்டும். பிறப்பை 21 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். பெயர் முடிவாகாவிடின், பதிவான நாள் முதல் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடன் சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் நாளும் அதன் பின்னும் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் கடவுச்சீட்டுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படையாகும். ஆகவே எழுத்துப் பிழை இன்றிப் பதிதல் இன்றியமையாதது. மகாராட்டிரத்தில் 2024 மே முதல் நாளும் அதன் பின்னும் பிறந்தோர்க்குக் குழந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப்பெயர் என்ற வரிசை விதிக்கப்பட்டுள்ளது. தாயின் பெயர் தாளில் ஏறியது நமக்கு மகிழ்ச்சியே. முதலெழுத்து வழக்கமே உடைய நம்மவர், குடும்பப்பெயர் கேட்குமிடத்தில் தந்தை பெயரையோ ஊர்ப்பெயரையோ எழுதுவதாயின், எல்லா ஆவணங்களிலும் ஒன்றையே எழுதுவாராக. இடத்துக்கு இடம் மாறினால் பின்னர் அலைந்து திரிய நேரும்.

'பேர் சொல்ல ஒரு பிள்ளை' என்று நம் முன்னோர் ஆண்மகனையே நினைத்துக் கூறினர். இன்று குடும்பத்தின் பேர் சொல்லும் பெண்கள் நம்மிடையே பலர். அவர்கள் சொல்லத்தக்க பெயரை முதலில் நாம் இடுவோமாக. அன்னையரே, இன்று மாலை உங்கள் வீட்டு முதியவரிடம் அவர் பாட்டியின் பெயரையும் அதற்கு முந்தைய பாட்டியின் பெயரையும் கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். வெண்ணிக் குயத்தியாரின் பெயர் போனது போல அவையும் போய்விடலாகாது.