உங்களுக்குத் தெரியுமா? மக்காச்சோளக் கதிரும் மகசூல் மரபணுக்களும்

★ மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அவித்த மக்காச்சோளம் வாங்கினால், கடிக்கும் முன் கதிரைச் சுற்றி எத்தனை மணி வரிசை என்று எண்ணிப் பாருங்கள். 12, 14, 16 என்று இருக்கும். 13 வருவது அபூர்வம். கதிர் உருவாகும்போதே பூக்கள் ஜோடி ஜோடியாகத்தான் தோன்றுகின்றன.

★ அந்த வரிசைகள் கூடாமல் தடுக்க ஒரு மரபணு பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறது. பெயர் கே.ஆர்.என். 2. சீன ஆய்வாளர்கள் அதைச் செயலிழக்கச் செய்தபோது வரிசைகள் கூடின. வயல் சோதனையில் மகசூல் சுமார் 10 சதவீதம் உயர்ந்தது. நெல்லில் அதற்கு இணையான மரபணுவை நிறுத்தியபோது சுமார் 8 சதவீதம். ஆய்வு வெளியான ஆண்டு 2022.

★ அதற்காக 'மகசூல் மரபணு' கிடைத்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது. கதிர் நீளம், வரிசைக்கு எத்தனை மணி, மணியின் எடை, பூக்கும் நாள் எல்லாம் சேர்ந்ததுதான் மகசூல். பலவிதக் குணங்களை ஆராய அமெரிக்காவில் 25 வகைகளை பி 73 என்ற ஒரே வகையோடு கலந்து, சுமார் 5,000 தூய வழிகளை (மறுபடி விதைத்தாலும் குணம் மாறாத வாரிசுகளை) உருவாக்கினார்கள். பூக்கும் நாளைப் பற்றி 2009இல் வந்த விடை: டஜன் கணக்கான மரபணு இடங்கள், ஒவ்வொன்றின் பங்கும் கொஞ்சம்தான்.

★ வீரிய ஒட்டு விதையில் விளைந்த மணியையே மறுவருஷம் விதைத்தால் என்ன ஆகும் என்று பேரையூர்ப் பக்கக் கரிசல்காட்டு விவசாயிகளைக் கேளுங்கள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றில் பெரிய கதிர், ஒன்றில் பேருக்கு ஒரு கதிர். விவசாயிக்கு நஷ்டம். ஆனால் மரபணு தேடுபவர் வேண்டுமென்றே போடுவது இந்த மாதிரி வயலைத்தான். ஒவ்வொரு செடியின் டி.என்.ஏ.விலும் ஆயிரக்கணக்கான இடங்களில் தாயின் எழுத்தா, தகப்பனின் எழுத்தா என்று பதிவு செய்வார். அதே செடியின் கதிரை எடை போடுவார். கனமான கதிர்களில் எல்லாம் 10 குரோமோசோம்களில் எந்த இடம் திரும்பத் திரும்ப ஒரே பெற்றோரிடமிருந்து வந்திருக்கிறதோ, அங்கே ஒரு குறி. அவ்வளவுதான் மரபணு வரைபடம். கணக்கு கணினி வேலை. கதிர் ஒடிப்பதும் மணி எண்ணுவதும் இன்றும் பெரும்பாலும் கை வேலை.

★ கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குச் சொந்தம். மகரந்தம் படாத நூலுக்கு மணி இல்லை. மானாவாரியில் மழை ஏமாற்றினால் உச்சியில் ஆண் பூ நேரத்துக்கு வந்துவிடும், பட்டு நூல் மட்டும் பிந்தும்; அது வெளியே வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். மிஞ்சுவது பொக்கைக் கதிர். மெக்சிகோவில் உள்ள சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையமான சிம்மிட்டின் ஆய்வாளர்கள் அதனால் வறட்சி வயலில் மகசூலை மட்டும் நம்பாமல், இந்த இரண்டு பூவுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிச் செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வறண்ட காட்டில் எடையைவிட இந்த நாள் கணக்கு நம்பகமானது. மதுரை வட்டாரத்துக்கு, கே.ஆர்.என். 2 செய்தியைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

★ ஒற்றை மரபணு வேலைகள் சுலபம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 6 ஒட்டு ரகத்தின் பெற்றோர் யு.எம்.ஐ. 1200, யு.எம்.ஐ. 1230. இரண்டுக்குள்ளும் பீட்டா கரோட்டின் கூட்டும் மரபணு வடிவத்தை, டி.என்.ஏ. அடையாளங்களைப் பார்த்தே கோவை விஞ்ஞானிகள் கொண்டுசேர்த்தார்கள். மகசூலை இப்படி ஒரு பொட்டலமாகக் கட்டித் தூக்கிக் கொடுக்க முடியாது.

★ அடிச்சாம்பல் நோய்க்கான எதிர்ப்பு, ஒற்றை மரபணு வேலைக்கும் மகசூலுக்கும் நடுவில் நிற்கிறது. இந்தியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வயல்களில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், 6ஆம் குரோமோசோமில் ஓரிடம் எதிர்ப்புச் சக்தியில் பெரும்பங்கு வகித்தது. கோவையில் யு.எம்.ஐ. 79 என்ற நோய்க்கு எளிதில் ஆளாகும் வகையை வைத்தும் இந்தத் தேடல் நடந்திருக்கிறது.

★ யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடையில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரி 1965இல் தொடங்கியது. பழனிப் பக்கம் வாகரையில் மக்காச்சோளத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இப்படிப் பல ஊர்களில் ஒரே விதையைப் போட்டுப் பார்ப்பது வீண் செலவல்ல; ஓர் ஊரின் மண்ணிலும் மழையிலும் பளிச்சென்று தெரியும் மரபணு இடம், இன்னோர் ஊரில் காணாமலே போகலாம்.

★ தூய வழி ஒன்றை உருவாக்க ஆறேழு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும். அதை இரண்டு தலைமுறையில் முடிக்கும் இரட்டை ஒருமய நுட்பத்துக்கு, கர்நாடகத்தின் குனிகலில் சிம்மிட்டும் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021 டிசம்பரில் ஒரு மையம் திறந்தன.