வானம் அகலமானது, ஆனாலும் விமானங்கள் மோதும்! தெரியுமா?

கோவளம், மாமல்லபுரம் பக்கம் இரவில் அண்ணாந்து பார்த்தால் சென்னை விமானங்களின் விளக்குகள் கண்ணில் படும். இத்தனை பெரிய வானத்தில் இரண்டு விமானங்கள் எங்கே மோதப்போகின்றன என்றுதான் தோன்றும். ஆனால் நேருக்கு நேர் முழு வேகத்தில் வரும் இரண்டு ஜெட்கள், நொடிக்கு அரை கிலோமீட்டர் நெருங்கிவிடும், தெரியுமா? பார்த்துவிட்டு விலகலாம் என்றால் நேரமே கிடையாது!

அதுவும் நம் செங்கல்பட்டுச் சீமையின் வானம் நெருக்கடியான வானம். தாம்பரம் விமானப்படைத் தளத்தில், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 10 கிலோமீட்டர். தரையிறங்கும் வேகத்தில் வரும் பயணிகள் விமானத்துக்கு அது மூன்று நிமிடத் தூரம்கூட இல்லை! மீனம்பாக்கத்தின் இரண்டு ஓடுபாதைகளோ ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை சாகசம் காட்டியபோது, சென்னை வான்வெளியையே சில மணி நேரங்களுக்கு மூடிவைக்க வேண்டியிருந்தது.

புயலுக்கும் விமானங்கள் மோதுவதற்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? உயரமானி அளப்பது காற்றழுத்தத்தை. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே கணக்கு ஏறக்குறைய 27 அடி பிசகும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது போன்ற இரவுகளில் அழுத்தம் மணிக்கு மணி மாறும். ஒரு விமானி பழைய அழுத்த எண்ணிலும் இன்னொருவர் புதிய எண்ணிலும் பறந்தால், இருவருக்கும் நடுவே இருப்பதாக நம்பும் 1,000 அடி இடைவெளி குறைந்துபோகும். அதனால்தான் இறங்க வரும் எல்லோருக்கும் ஒரே அழுத்த எண்ணைக் கட்டுப்பாட்டு அறை சொல்கிறது.

அந்த 1,000 அடியை இந்தியா மறக்கவே கூடாது. 1996 நவம்பர் 12. டெல்லியிலிருந்து ஏறிய சவூதி போயிங் 747-க்கு 14,000 அடி. இறங்கிவந்த கஜகஸ்தான் இல்யூஷின் விமானத்துக்கு 15,000 அடி. இல்யூஷின் தனக்குச் சொன்ன உயரத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது. அன்றைய டெல்லி ரேடார் உயரத்தைக் காட்டாது! சர்க்கி தாத்ரி வயல்களுக்கு மேலே இரண்டும் மோதி 349 உயிர்கள் போயின. நடுவானில் இரு விமானங்கள் மோதியதில் உலகிலேயே மிகப் பெரிய பலி அதுதான். அதன் பிறகே வரும் வழியும் போகும் வழியும் பிரிக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவியும் இங்கே கட்டாயமானது.

அந்தக் கருவி செய்வது அற்புதம்! எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களின் கருவிகளும் தமக்குள் பேசிக்கொண்டு, ஒன்றுக்கு 'கிளைம்ப்', மற்றதற்கு 'டிசென்ட்' என்று குரல் கொடுக்கும். 2002-இல் ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே, கருவி ஏறச் சொல்ல, தரையிலிருந்து வந்த உத்தரவை நம்பி ஒரு விமானம் இறங்கியது. 71 பேர் இறந்தார்கள். இப்போது கருவி ஒன்று சொல்லித் தரை வேறு சொன்னால், விமானி கருவியைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் அந்தக் கருவி ஏறு, இறங்கு என்று உத்தரவிடாது. அத்தனை தாழ்வில் 'இறங்கு' என்பதே ஆபத்து! 2025 ஜனவரியில் வாஷிங்டனில், ஓடுபாதையை நெருங்கிய பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தது அந்த உயரத்தில்தான். அங்கே வழியைப் பிரித்துவைப்பதும், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரின் விழிப்பும், விமானியின் கண்ணும்தான் காவல்.